வரி கேட்டு அலைந்த குடைக் கம்பியர்

வரி கட்டாமல் தப்புவதற்கு மனிதர்கள் செய்கிற வித்தைகளை எழுதப் புறப்பட்டால் இந்தப் பத்திரிகையின் பத்து வருடத்துப் பக்கங்களும் போதாது. கணக்குப் புத்தகத்தைக் கறையானுக்குத் தின்னக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கடையை மனைவியின் பெயருக்கும், மனைவியைத் தாய் வீட்டுக்கும் மாற்றியவரைத் தெரியும். வரி உத்தியோகத்தர் வருகிறார் என்று கேள்விப்பட்டு மூன்று நாள் செத்துக் கிடந்த ஒருவரைக்கூடத் தெரியும். நாலாம் நாள் எழும்பிக் கடை திறந்தார். ஆனால் "என்னிடம் வரி வாங்கு, வாங்கு" என்று அரசாங்கத்தின் காற்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்த ஒரே ஒரு மனிதரைத்தான் என் ஆயுளில் கண்டிருக்கிறேன். அவர் குடைக் கம்பியர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அரசாங்கப் படிவங்களில் அதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இப்போது மறந்துவிட்டேன். அவரும் அடிக்கடி மறந்துவிடுவார். தென்மராட்சி முழுவதும் அவர் கம்பியர். குடை திருத்துவது தொழில். ஆளும் மடக்கி வைத்த குடை மாதிரித்தான் இருப்பார்: நெட்டை, ஒல்லி, மேலே ஒரு கறுத்தக் கோட்டு, கீழே கூராக இரண்டு கால். சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கு. அதற்குள் இறந்துபோன குடைகளின் எலும்புகள். ஒரு நாள் கொடிகாமம், ஒரு நாள் நீர்வேலி, மற்ற நாளெல்லாம் சாவகச்சேரிச் சந்தை வாசலில் நின்ற வேப்பமரத்தின் கீழே இருப்பார்.

கம்பியருக்கு ஒரு வருத்தம் இருந்தது. பொய் சொல்ல வராது. வியாபாரத்தில் இறங்கிய மனிதனுக்கு இதைவிடக் கொடிய நோய் கிடையாது.

"கம்பியர், உந்தக் குடை திருந்துமோ?" என்று கேட்டால், "குடை திருந்தும். நீங்கள் பிடிக்கிற விதம் திருந்தாது. வாற மாதமும் வருவியள்" என்பார். அவர்களும் அடுத்த மாதம் வருவார்கள்.

நான் அப்போது இருபத்திரண்டு வயதுக் கிளாக்கர். சாவகச்சேரி நீதிமன்றத்துக்கு முன்னால், பிரக்கிராசியார் என்று நாங்கள் சொல்லும் வழக்கறிஞர் ஒருவரின் கந்தோரில் வேலை. என் முதலாளி பெரிய சட்ட மேதை. அவருக்கு "வணக்கம் ஐயா" என்று சொன்னால் பதில் வணக்கத்துக்குப் பீஸ் உண்டோ என்று யோசித்துவிட்டுத்தான் கையை உயர்த்துவார்.

முப்பதுகளின் தொடக்கத்தில் வருமான வரி என்ற புதுச் சரக்கு கொழும்பில் வந்து இறங்கியது. சரக்கு வந்த வேகத்தில் எங்கள் ஊர் வியாபாரிகள் எல்லோரும் ஏழைகளானார்கள். நேற்றுவரை சரிகை வேட்டியோடு திரிந்தவர்கள் நாலுமுழத்துக்கு இறங்கினார்கள். வரியை எதிர்த்து ஓர் அரிசிக் கடை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தலைமை, ஊரிலேயே பெரிய கடை வைத்திருந்த புடவைக்கடை முதலாளி. என் பிரக்கிராசியார் பேச்சாளர். நான் அவருடைய கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

புடவைக்கடை முதலாளி மூன்று மோதிரம் போட்ட கையை உயர்த்திப் பேசினார். "இஞ்சை இருக்கிற நாங்கள் எல்லாரும் நட்டத்திலைதான் யாபாரம் செய்யிறம். எங்கடை தலையிலை வரியைச் சுமத்தினால் நாங்கள் எங்கை போறது?"

கைதட்டல். கைதட்டி முடியும்போது பின்வரிசைக்கும் பின்னால், வாசலில் நின்ற கம்பியர் கேட்டார்.

"ஒரு சின்னச் சந்தேகம். வருமானத்துக்குத்தானே வரி? எல்லாருக்கும் நட்டமெண்டால் ஆருக்கும் வரி வராதெல்லே? பிறகேன் கூட்டம்?"

என் பிரக்கிராசியார் கோப்பைத் திறந்து எதையோ தேடினார். அதற்குள் வெறும் தாள்தான் இருந்தது, எனக்குத் தெரியும்.

"கம்பியர்," என்றார் முதலாளி, சிரித்துக்கொண்டே. "இது தொழில் உள்ள ஆக்களின்ரை கூட்டம். உமக்குப் பதிவு இருக்கோ? வரிக் கடதாசி வந்ததோ? இல்லையெல்லே. வரி கட்டிற ஆக்கள் கதைக்கட்டும். நீர் இரும்."

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். இருக்கச் சொன்னவர்கள் கதிரை ஒன்றும் கொடுக்கவில்லை. கம்பியர் சிறிது நேரம் நின்றார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் காலை கந்தோர் திறக்க முதலே வாசலில் நின்றார்.

"தம்பி, ஒரு தொழிலைத் தொழிலாக்கிறதுக்கு என்ன செய்யவேணும்?"

"பதியவேணும் அண்ணை."

"வரி கட்டிற ஆளாகிறதுக்கு?"

இந்தக் கேள்வியைச் சட்டப் புத்தகம் எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. "முதலிலை பதிவம். பிறகு பாப்பம்" என்றேன்.

அரசாங்க அதிபரின் கந்தோரான யாழ்ப்பாணக் கச்சேரிக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். அங்கே வியாபாரப் பெயர் பதிகிற மேசையில் ஒரு கிளாக்கர் இருந்தார். அவர் முன்னால் போய் நின்றாலே நாம் ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்ற எண்ணம் வரும். அதற்காகவே அவரை அங்கே வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

"என்ன பேரிலை தொழில்?"

"என்ரை பேரிலைதான் ஐயா."

"சொந்தப் பேரெண்டால் பதியத் தேவையில்லை. போகலாம்."

"அப்ப எனக்கு அந்தப் பேர் வேண்டாம்," என்றார் கம்பியர். "பதியத் தேவையுள்ள பேராப் பாத்து ஒண்டு தாருங்கோ."

"பேர் நாங்கள் குடுக்கிறேல்லை காணும். நீர்தான் கொண்டு வரவேணும்."

கம்பியர் கூரையைப் பார்த்தார். "உலகக் குடை வைத்தியசாலை."

"வைத்தியசாலை எண்டால் டொக்குத்தர் வேணும்."

"நான் இருக்கிறனே."

"உலகம் எண்டு போடுறீர். கொடிகாமத்துக்கு அங்காலை போயிருக்கிறீரோ?"

"அடுத்த ஊர் பளைக்கு ஒருக்கால் போனனான்."

கிளாக்கர் பேனாவைக் கீழே வைத்தார். எழுதி முடிந்ததால் அல்லாமல் கோபத்தால் அந்தப் பேனா அன்று மூன்று முறை கீழே வைக்கப்பட்டது. கடைசியில் 'கம்பி அண்ட் கொம்பனி' என்ற பெயரில் இருவரும் உடன்பட்டார்கள்.

"கொம்பனி ஆர்?"

"மனிசி. சீலை வெட்டித் தைக்கிறது அவதான்."

அதை எழுதியாயிற்று. அடுத்தது தொழில் நடக்கும் இடம்.

"சாவகச்சேரிச் சந்தை வாசல், வேப்பமர நிழல்," என்றார் கம்பியர். பிறகு ஒரு விநாடி யோசித்து, உண்மைக்கு மாறாக ஏதும் பதிவாகிவிடக்கூடாது என்ற கவலையில் சேர்த்துக்கொண்டார்: "காலமை நிழல் மேற்கை விழும். பின்னேரம் கிழக்கை விழும். நானும் நிழலோடை மாறுவன்."

"தொழிலிடம் மாறினால் அறிவிக்கவேணும் எண்டு சட்டம் இருக்கு, தெரியுமோ?" கிளாக்கர் இதைப் பயமுறுத்தத்தான் சொன்னார்.

"அறிவிக்கிறன். ஒரு நாளைக்கு ரெண்டு தரமோ, இல்லாட்டிக் கிழமைக்கு ஒருக்கால் சேத்து எழுதலாமோ?"

மூன்றாவது முறை பேனா கீழே வைக்கப்பட்டது அப்போதுதான். பத்திரம் அன்றே கிடைத்தது. அந்தக் கச்சேரியில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததாக அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்படவில்லை.

பதிவுப் பத்திரத்தைத் தொழிலிடத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரித் தொங்கவிட வேண்டும் என்பது விதி. இந்த விதியை யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாசித்தவர்கள் எத்தனை பேரோ, கடைப்பிடித்தவர் ஒருவர். மரத்தில் ஆணி அடிக்கப் போனார். மரம் அரசாங்கச் சொத்து என்று சந்தைக் காவற்காரன் தடுத்தான். ஆகவே கண்ணாடிச் சட்டம் போட்டு, சைக்கிளின் முன்னால் கட்டிவிட்டார். சைக்கிள் போகும் இடமெல்லாம் பத்திரமும் போயிற்று. கொடிகாமத்தில் மரக்கறி விற்ற பெண்கள் கண்ணாடிச் சட்டத்தைக் கண்டதும் செவ்வரத்தம்பூ இரண்டைச் செருகிக் கும்பிட்டார்கள்.

"இது என்ன சாமி அண்ணை?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

"அரசாங்கம்," என்றாராம் கம்பியர்.

அதோடு விட்டாரா? வியாபாரப் பெயரைப் பில்லில் அச்சடிக்க வேண்டும் என்று கச்சேரிக் கிளாக்கர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். உடனே பில் புத்தகம் அச்சாயிற்று. ஒவ்வொரு குடைக்கும் ஒரு பில். அதற்கு அடியில் கறுப்புத்தாள் வைத்து ஒரு பிரதி. பில்லில் குடையின் விபரம், உடைந்த பாகம், உடைந்த காரணம் மூன்றும் தமிழில் இருக்கும். காரணத்தில்தான் பிரச்சினை. "மூன்று கம்பி உடைவு. காரணம்: மைத்துனருக்கு அடித்தது" என்று ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வாத்தியார் துள்ளினார்.

"காரணத்தை ஏன் காணும் எழுதுறீர்?"

"மூண்டு கம்பி ஏன் புதிசாப் போட்டனெண்டு அரசாங்கம் கேட்டால்?"

"அரசாங்கம் ஏன் கேக்குது?"

"கேட்டால்?"

வாத்தியார் பில்லை மடித்துக் குடைக்குள் செருகிக்கொண்டு போனார். ஊரிலே யார் யாரை எதனால் அடித்தார்கள் என்ற சரித்திரம் கம்பியரின் பில் புத்தகங்களில் பத்திரமாகச் சேர்ந்துகொண்டு வந்தது.

இப்படி இருக்கும்போது வரிமதிப்பாளர், அரசாங்க விருந்தினர் விடுதியான சாவகச்சேரி வாடிவீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கப் போகிறார் என்ற செய்தி வந்தது. எங்கள் பக்கத்துத் தமிழர்தான். ஆனால் பைப் பிடிப்பார். தமிழைக் கடன் கொடுப்பதுபோலப் பேசுவார். சனங்கள் அவரை 'வரித்துரை' என்றார்கள். அவர் வந்த அன்று பாதிக் கடைகள் பூட்டு. எல்லாக் கடைக்காரர்களுக்கும் ஒரே நாளில் தூரத்துச் சொந்தத்தில் செத்தவீடு. வாடிவீட்டு வாசல் வரிசையில் முதல் ஆள் கம்பியர். கடைசி ஆளும் அவர்தான். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

"என்ன வேணும்?" என்றார் வரித்துரை.

"வரி."

"ஆற்றை வரி?"

"என்ரை வரி. நான் கட்டவேணும்."

வரித்துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். ஆளை மேலும் கீழும் பார்த்தார். "உமக்கு வரி வராது."

"என்ரை வருமானத்தைக் கேளாமல் எப்பிடி ஐயா சொல்லுறியள்?"

"உம்மைப் பாக்கவே தெரியுது."

"பாத்துச் சொல்லுற வேலையெண்டால் கடதாசி அடிச்சு வைச்சிருக்கிறது என்னத்துக்கு?"

அரசாங்கத்திடம் நல்ல பதில் இல்லாதபோது அது படிவம் கொடுக்கும். வரித்துரையும் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

படிவத்தை நிரப்ப மூன்று மத்தியானம் எடுத்தது. பிரக்கிராசியார் சாப்பிட்டுக் குறட்டை விடும் நேரத்தில் கம்பியர் பில் பிரதிகளை ஒவ்வொன்றாக வாசிப்பார்; நான் ஆங்கிலத்தில் ஒரு பட்டியலாக எழுதுவேன். யாருடைய குடை, எத்தனை, என்ன வேலை, எல்லாம். பட்டியல் எல்லாம் யாரும் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "கேட்டால்?" என்றார்.

இரண்டாம் நாள் ஓர் இடத்தில் வந்து சேர்ந்தோம்.

"எழுதும் தம்பி. புடவைக்கடை முதலாளி. கப்பலிலை நனைஞ்சு பழுதான குடை, கட்டுக் கட்டாக் கொழும்பிலையிருந்து வந்தது. புதுச் சீலை போட்டு, துருத் தேச்சு, புதிசாக்கிக் குடுத்தது."

என் பேனா நின்றது. முதலாளியின் கடையில் 'லண்டன் குடை' என்று விற்றது இதுதான். பிரக்கிராசியாரின் கந்தோரில்தான் முதலாளியின் வரிப் படிவமும் தயாரானது. அதில் புடவை மட்டும்தான் இருந்தது, அதுவும் நட்டத்தில். குடை என்ற சொல்லே இல்லை.

அப்போதே நான் கம்பியரைத் தடுத்திருக்கலாம். அவருக்கு அந்த விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அரிசிக் கடை மண்டபத்தில் அவர் நின்றதும், நானும் சேர்ந்து சிரித்ததும் ஞாபகம் வந்தது. என் முதலாளியையும் அந்த முதலாளியையும் ஒரே கல்லால் அடிக்கிற வயது எனக்கு. அழகான கையெழுத்தில் எழுதினேன். எழுதிவிட்டு அடியில் ஒரு கோடும் போட்டேன்.

"கோடு என்னத்துக்குத் தம்பி?"

"அழகுக்கு அண்ணை."

இரண்டு மாதத்தில் கோடு வேலை செய்தது. வரித்துரை பட்டியலும் கையுமாகப் புடவைக்கடையில் வந்து இறங்கினார். பட்டியலில் உள்ளது மட்டும்தானா, மொத்தக் குடைக் கணக்கு எங்கே என்றார். கறையான் தின்றுவிட்டது என்றார் முதலாளி. அப்படியென்றால் நானே கணக்கிடுகிறேன் என்றார் வரித்துரை. ஒரு மழை நாளில் சந்தை வாசலில் நின்று போகிற வருகிற குடைகளை எல்லாம் எண்ணினார். அத்தனையையும் முதலாளி விற்றதாக எடுத்து, வருடத்தில் எத்தனை மழை நாளோ அத்தனையால் பெருக்கினார். அரசாங்கத்தில் கணக்குப் படித்தவர்களுக்குக் குறைவில்லை. வந்த வரிக் கடிதத்தைக் கண்டு முதலாளி பாயில் படுத்துவிட்டார். கடையை விற்றாலும் காணாது. கடையில் வேலை செய்த ஆறு குடும்பமும் தெருவுக்கு வரவேண்டியதுதான்.

பட்டியல் கொடுத்தது யார் என்று ஊருக்குத் தெரிய ஒரு நாள்கூட எடுக்கவில்லை.

அது மாரி காலம். கம்பியருக்கு அறுவடைக் காலம். அந்த வருடம் ஒருவரும் குடை கொண்டுவரவில்லை. கம்பி பிதுங்கிய குடைகளோடும், சீலை கிழிந்து கொடிபோலப் பறந்த குடைகளோடும் சனங்கள் நனைந்துகொண்டு அவரைக் கடந்து போனார்கள். ஒருவருக்குத் தன் குடைக் கம்பியே குத்திக் கன்னம் கிழிந்தது. அப்போதும் கொண்டுவரவில்லை. எங்கள் சனத்துக்கு ஒற்றுமை வராது என்று யார் சொன்னது? அடுத்தவன் பிழைப்பைக் கெடுப்பதென்றால் தானாக வரும். கம்பியரின் மனைவி பகலில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகத் தொடங்கினார். கொம்பனியில் பாதி அப்படிப் போயிற்று.

ஒரு நாள் சந்தை வாசலில் முதலாளியின் கடைக் கணக்கப்பிள்ளை கம்பியரை மறித்தார். கூட்டம் கூடிவிட்டது. நான் வெற்றிலைக் கடையடியில் நின்றேன்.

"காட்டிக்குடுத்தனீரெல்லே? உமக்கு இங்கிலீசிலை ஒரு எழுத்துத் தெரியாது. ஆர் எழுதித் தந்தது? சொல்லும்!"

கம்பியரின் கண் கூட்டத்துக்கு மேலால் வந்து என் மேல் நின்றது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு சுண்ணாம்பை மட்டும் வாயில் போட்டுவிட்டேன்.

"சொன்னது முழுக்க நான்," என்றார் கம்பியர். "நான் சொல்லாத ஒரு சொல்லும் அதிலை இல்லை. என்னோடை கதையுங்கோ."

கணக்கப்பிள்ளையோடு நின்றவர்கள் சாக்கைப் பறித்துக் கம்பிகளைச் சேற்றில் கொட்டினார்கள். நான் வாய் வெந்துபோய், பின்பக்கத்தால் கந்தோருக்கு நடந்தேன். அந்த நடையை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இரண்டு நாள் கழித்துக் கம்பியர் கந்தோர் வாசலில் நின்றார். திட்டப் போகிறார் என்று எழுந்தேன்.

"தம்பி, வரித்துரை குடையைப் பிழையா எண்ணிப்போட்டார்."

"உங்களுக்கென்ன அண்ணை? சபையிலை உங்களை இருக்கச் சொன்ன மனிசன். சாக்கைக் கொட்டுவிச்ச மனிசன்."

"அவர் எனக்குச் செய்தது வேறை. குடை எண்ணிக்கை வேறை," என்றார். "முதலாளியின்ரை அப்பீல் விசாரணை எப்ப?"

விசாரணை வாடிவீட்டில் நடந்தது. முதலாளிக்காக என் பிரக்கிராசியார் அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் முழங்கினார். அந்தப் பேச்சில் எல்லாம் இருந்தது. குடை மட்டும் இல்லை. முதலாளி மூலையில் பாதியாக மெலிந்து இருந்தார். விரலில் மோதிரம் ஒன்றும் இல்லை. நான் வழக்கம்போலக் கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அத்தாட்சி?" என்றார் வரித்துரை.

பிரக்கிராசியார் கறையானைப் பற்றி மறுபடி தொடங்கினார். அப்போது கதவைத் திறந்துகொண்டு கம்பியர் சாக்கோடு வந்தார். மேசையில் கொட்டினார். பில் பிரதிகள், ஈரம் பட்டு ஓரம் சுருண்ட பில் பிரதிகள்.

"முதலாளியின்ரை குடை ஒண்டும் விடாமல் இதிலை இருக்கு ஐயா. சந்தையிலை நீங்கள் எண்ணினதிலை அரைவாசி வேறை ஊரிலை வாங்கினது. மற்ற அரைவாசி அதே ஆக்கள் நாலு தரம் பிடிச்சுக்கொண்டு போனது."

வரித்துரை புரட்டினார். "இதெல்லாம் நீராவே எழுதினது. உண்மையெண்டு எப்பிடி நம்பிறது?"

"உங்கடை குடையும் அதிலை இருக்கு ஐயா. போன முறை வந்தநேரம் வாடிவீட்டுக்காரன் கொண்டு வந்து தந்தவன். மஞ்சள் நூல் கட்டின கட்டு. நாலாவது."

வரித்துரை மஞ்சள் நூலை அவிழ்த்தார். நாலாவது பில்லை எடுத்து வாசித்தார். எட்டிப் பார்த்த என் கண்ணிலும் அது பட்டது. 'வெள்ளிப்பிடிக் குடை ஒன்று. தண்டு முறிவு. காரணம்: உடையவர் கவனியாமல் அதன்மேல் குந்தியது.'

பைப் அணைந்துவிட்டது. வரித்துரை அந்தப் பில்லை மெதுவாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். இருமினார். பிறகு, "இந்தப் பிரதிகள் நம்பத்தக்கவை" என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்.

வரி குடையின் உண்மையான எண்ணிக்கைக்கு இறங்கியது. முதலாளி முனகிக்கொண்டே கட்டக்கூடிய அளவு. கடையும் ஆறு குடும்பமும் தப்பின. என் பிரக்கிராசியார் வெற்றிக்கான பீஸை வாங்கிக்கொண்டார்.

வாடிவீட்டு வாசலில் முதலாளி கம்பியரின் கையைப் பிடித்தார். "கம்பியர், நீர் இல்லாட்டி நான் துலைஞ்சன்."

"நான் இல்லாட்டி உங்களுக்கு உந்தக் கரைச்சலே வந்திராது முதலாளி," என்றார் கம்பியர். அப்போதும் உண்மையைத் திருத்தாமல் விட அவரால் முடியவில்லை.

முதலாளி அழுதாரா சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாள் கடையிலிருந்து இருபது குடை வேப்பமரத்தடிக்கு வந்தது. அதைப் பார்த்து ஊர்க் குடைகளும் வந்தன. ஊர் அப்படித்தான், தள்ளி வைக்கவும் ஒருவர் வழிகாட்ட வேண்டும், சேர்த்துக்கொள்ளவும் ஒருவர் வழிகாட்ட வேண்டும்.

அன்று வாடிவீட்டிலிருந்து திரும்பும்போது கம்பியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் வாய் திறந்தேன்.

"அண்ணை, நான் போட்ட கோடு... அது அழகுக்கு இல்லை."

"தெரியும் தம்பி," என்றார். "அழகாயும் இருக்கேல்லை. கோணல்."

மழை தூறியது. தன்னிடம் இருந்த ஒரே நல்ல குடையை விரித்து என் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கம்பியர் வரி கட்டினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை. எத்தனை மழை பெய்தும் அவருடைய வருமானம் சட்டம் சொன்ன எல்லையின் நிழலைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் வருடா வருடம் படிவம் அனுப்பினார். வருடா வருடம் வரிக் கந்தோரிலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. 'தங்களுக்கு வரி விதிக்கப்படமாட்டாது.' அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. கீழே ஒரு கிறுக்கல்.

முதல் கடிதத்தை அவர் உறையோடு கொண்டுவந்து நீட்டி, கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "வாசியும் தம்பி."

நான் அதைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். பிறகு வாசித்தேன்: "கம்பி அண்ட் கொம்பனி உரிமையாளர் அவர்களுக்கு. தாங்கள் அனுப்பிய கணக்கு மிகவும் நேர்த்தியாக உள்ளது. இவ்வருடம் தங்களிடம் வரி பெறும் வாய்ப்பு அரசாங்கத்துக்குக் கிட்டாததையிட்டு வருந்துகிறோம்."

"வருந்துகினமாமோ?"

"ஓம் அண்ணை. எழுதியிருக்கு."

அடுத்த வருடம் கொஞ்சம் கூட்டினேன். வரித்துரை நலம் விசாரித்தார். அதற்கடுத்த வருடம் தேசாதிபதி வரை பேச்சு அடிபட்டது. ஒருமுறை கம்பியர் கடதாசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு வரியிலை இவ்வளவும் இருக்கோ தம்பி?"

"இங்கிலீசு சுருக்கமான பாசை அண்ணை."

"கெட்டிக்காரர்தான்," என்றார். இங்கிலீசுக்காரரைத்தான் சொன்னார் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. மகன் வீட்டில், சாய்மனைக் கதிரையில் இருந்தார். என் விலாசத்துக்கு வந்த அந்த வருடத்துக் கடிதத்தோடு நானே அவரைத் தேடிப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "வாசியும்" என்றார். அந்த ஒரு வரியை நான் வாசித்து முடிக்கக் கால் மணித்தியாலம் எடுத்தது.